வடக்குக் கரையில் ஒரு பால் பாக்கெட்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதையும் முடிக்கவில்லை. ஆனால் வேளச்சேரிக்கும் தரமணிக்கும் நடுவில் இருக்கிற நத்தமேட்டைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் யாராவது இருந்தால் வந்து என் எதிரே உட்காரட்டும். பதினேழு வருஷம் அந்த மேட்டைக் காலால் அளந்தவன் நான். பெரிய படிப்புப் படித்தவர்கள் வருவார்கள், அளப்பார்கள், படம் எடுப்பார்கள், ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு அடையாறு போய்விடுவார்கள். வெயிலிலும் மழையிலும் அங்கேயே நின்றவன் இந்த எத்திராஜ்தான்.

இப்போது அங்கே கம்பம் நட்டு கேமரா வைத்திருக்கிறார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்து, "கேமரா இல்லாத காலத்துல எப்படிண்ணா பார்த்துக்கினீங்க?" என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதை எங்கள் தொல்லியல் துறை ஊழியர்களின் ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படி சங்கத்தில் கேட்டதால் எழுதுகிறேன். என் பெருமைக்காக எழுதவில்லை. பெருமையும் இருக்கிறது, அது வேறு.

பறக்கும் ரயிலில் போகிறவர்கள் நத்தமேட்டைப் பார்த்திருப்பார்கள். கம்பி வேலிக்குள் ஒரு புல்மேடு. அதைச் சுற்றி, மண்ணாலேயே எழுப்பிய கரை, ஒன்றரை ஆள் உயரம். வாசலில் நீல போர்டு. வேறொன்றும் கிடையாது. சிலை இல்லை, கோபுரம் இல்லை. சோழர் காலத்தில் அங்கே ஓர் ஊர் இருந்தது, வீடுகள் விழுந்து விழுந்து மேடாகிவிட்டது, ஊரைச் சுற்றிப் போட்ட காவல் கரைதான் அந்த மண்சுவர் என்று எங்கள் அதிகாரி வத்சலா மேடம் சொல்வார். தோண்டினால் ஓட்டுச்சில்லு வரும், பானைச்சில்லு வரும். பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் ஒரு கூடை மண்ணை எடுத்தாலும் குற்றம், ஒரு கூடை மண்ணைப் போட்டாலும் குற்றம். இந்த இரண்டாவது குற்றத்தைத்தான் நான் செய்தேன்.

அதற்கு முன் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அடையாறு ஆற்றங்கரைக் குடிசையில் பிறந்தேன். பதிமூன்று வயதில் கட்டட வேலைக்குப் போனேன். என் வேலை திம்மிசு போடுவது. அஸ்திவாரக் குழியில் மண்ணைக் கொட்டி, அடியில் இரும்புத் தகடு வைத்த கனமான கட்டையால் குத்திக் குத்தி இறுக்குவோம், அந்தக் கட்டைக்குத்தான் திம்மிசு என்று பெயர். தி.நகரில் பாதிக் கடைகள் நான் இறுக்கிய மண்மேல்தான் நிற்கின்றன. மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி வீடு இரண்டு தடவை தரை இறங்கியது. மூன்றாம் தடவை என்னைக் கூப்பிட்டார்கள். அப்புறம் இறங்கவில்லை. நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம்.

திம்மிசை மிஷின் தின்றபோது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. தினக்கூலிக் காவலாளாக நத்தமேட்டுக்கு வந்தேன். வேலையை யாரும் சொல்லித் தரவில்லை. காலையில் ஒரு சுற்று, மதியம் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று. எல்லைக்கல் நாற்பத்தொன்று, ஒவ்வொன்றையும் கையால் தொட வேண்டும். ஆடு மேய்ந்தால் விரட்டு, காதல் ஜோடி வந்தால் இருமு. இவ்வளவுதான் பயிற்சி.

பெரிய வெள்ளம் வந்த வருஷம். வேளச்சேரியில் முதல் மாடி வரைக்கும் தண்ணீர் ஏறியது. நத்தமேட்டுக்குள் தேங்கிய தண்ணீர் வெளியே போக வழி தேடி வடக்குக் கரையை அறுத்துக்கொண்டு போய்விட்டது. தண்ணீர் வடிந்தபின் பார்த்தால் கரையில் பெரிய வாய் திறந்திருந்தது. அடுத்த வாரத்துக்குள் அந்த வாய் வழியாகப் பைக் போக ஆரம்பித்துவிட்டது. தரமணிக்குக் குறுக்கு வழியாம். ஆபீசுக்கு இரண்டு தடவை எழுதிப் போட்டேன். ஊரே மிதந்த நேரம், யார் வருவார்கள்? என்னை நிரந்தரமாக்குகிற பட்டியல் அப்போதுதான் தயாராகிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்ஷன் வரப்போகிறது என்று செய்தி வந்தது. கரை உடைந்து கிடந்தால் காவல்காரன் என்ன பண்ணிக்கொண்டிருந்தான் என்றுதானே கேட்பார்கள்?

நானே அடைத்தேன். எப்படி என்று சொல்கிறேன், பின்னால் அது முக்கியம். உடைந்த பக்கச் சுவர் சரிவாக இருந்தால் புது மண் அதோடு ஒட்டாது, வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அதனால் இரண்டு பக்கமும் மண்வெட்டியால் படி வெட்டினேன், பக்கத்துக்கு மூன்று படி. முன்பு தோண்டிய குழிகளிலிருந்து வெளியே கொட்டிய மண் மேட்டுக்குள்ளேயே குவியலாகக் கிடந்தது, பழைய சில்லுகளோடு. அதையே எடுத்தேன். அரையடி மண், தண்ணீர் தெளிப்பு, திம்மிசு. மறுபடி அரையடி. மேலே புல் பெயர்த்து வைத்தேன். மூன்று நாள். இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவர் அதன்மேலேயே நடந்து போனார், கரை நல்லா இருக்கே என்றார். என் வாழ்க்கையில் செய்ததிலேயே உசத்தியான வேலை, வெளியே ஒருத்தரிடமும் சொல்ல முடியாது. டீக்கடையில் உட்கார்ந்தால் நாக்கு துடிக்கும். அடக்கிக்கொள்வேன்.

ஆறு வருஷம் போனது. நான் நிரந்தரமானேன். ரிட்டையர் ஆக எட்டு மாதம் இருக்கும்போது கேஸ் வந்தது.

வடக்குக் கரையை ஒட்டிய நிலத்தை ஓர் அடுக்குமாடிக் கம்பெனி வாங்கியிருந்தது. அவர்களுக்கு ரோடு வேண்டும், ரோட்டுக்குக் கரையை வெட்ட வேண்டும். அது ஒன்றும் பழைய கரை இல்லை, ஏரி தூர் வாரியபோது எவனோ கொட்டிய மண் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். கரையைக் குறுக்காக வெட்டிப் பார்த்துவிடலாம் என்று கோர்ட் சொன்னது. தோண்டுவது எங்கள் துறை. பார்த்து எழுதிக்கொண்டு போக ஒரு வயதான வக்கீலைக் கமிஷனராக அனுப்பினார்கள். மூன்று நாள்தான் அவகாசம். கரை புதுசு என்று அவர் எழுதிவிட்டால் எல்லைக்கல் உள்ளே தள்ளிப் போகும், கரை போகும்.

தோண்டும் பொறுப்பு வத்சலா மேடத்துடையது. மயிலாப்பூர்க்காரர், ஒல்லியான ஆள், ஸ்கூட்டரில் வருவார். அவர் கத்தி நான் கேட்டதில்லை. தப்புச் செய்தால் திட்டமாட்டார். "எத்தனை அங்குலம்?" "எந்தப் பக்கம்?" "நீங்களே பார்த்தீங்களா?" என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பென்சிலைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். அந்தக் காத்திருப்புக்குப் பதிலாகக் கன்னத்தில் நான்கு அறை வாங்கிக்கொள்ளலாம். குழிக்குள் இறங்குமுன் செருப்பைக் கழற்றிவிடுவார். நோட்டில் தப்பாக எழுதினால் அழிக்கமாட்டார், மேலே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதுவார். "தப்பும் தெரியணும் எத்திராஜ்" என்பார்.

முதல் நாள் காலை கரைமேல் மேற்கிலிருந்து கிழக்கே நடந்தார். கூடவே நான். ஓரிடத்தில் நின்று காலால் தட்டிப் பார்த்தார்.

"இந்த இடம்தான் கொஞ்சம்கூடக் கரையாம நிக்கறது. இங்கயே வெட்டலாம்."

நான் அடைத்த இடம். முந்நூறு அடி நீளக் கரையில் நல்லதாகத் தெரிந்தது அது ஒன்றுதான். அவ்வளவு நன்றாக இறுக்கியிருந்தேன்.

அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். வேற இடத்துல வெட்டலாம் மேடம் என்றாவது சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டுவிட்டுப் பென்சிலோடு நிற்பாரே. அனுமதியில்லாமல் கரையில் கை வைத்த ஊழியன் என்றால் வேலை போகும், எட்டு மாதத்தில் வரவேண்டிய பென்ஷனும் போகும். வாயை மூடிக்கொண்டு கயிறு பிடித்தேன். கரைக்குக் குறுக்காக ஆறடி அகலத்துக்குக் குழி குறித்தார்கள்.

தோண்டியது மணி, வேளச்சேரிப் பையன்களில் கை சுத்தமானவன். முதல் நாள் புல்லும் மேல்மண்ணும். இரண்டாம் நாள் சில்லு வர ஆரம்பித்தது. மேடத்தின் முகம் மலர்ந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சில்லெல்லாம் நான் கூடையில் கொண்டுவந்து கொட்டியது.

"இன்னாண்ணா, பொணம் கணக்கா நிக்கிற? சரக்கு நல்லா வருது, சந்தோஷப்படு நைனா" என்றான் மணி.

"நீ மண்ணப் பாத்து வெட்டுடா."

மூன்றாம் நாள் மதியம். கமிஷனர் குடைக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கம்பெனி தரப்பு இன்ஜினியர் குழி ஓரத்தில் கறுப்புக் கண்ணாடியோடு நின்றுகொண்டிருந்தார். முழங்கால் ஆழத்துக்குக் கொஞ்சம் கீழே மணியின் மண்வெட்டியில் ஏதோ இழுபட்டது. அவன் குனிந்து பார்த்தான். உடனே என்னைப் பார்த்தான். ஏன் என்னைப் பார்த்தான் என்று இன்றுவரைக்கும் தெரியாது.

நீல நிறத்தில் ஒரு பால் பாக்கெட். ஓரம் மட்டும் கடித்துக் கிழித்தது.

இன்ஜினியர்தான் முதலில் பேசினார். "சோழ ராஜா பாக்கெட் பால்லதான் டீ போட்டாரா மேடம்?"

அவரோடு வந்தவர்கள் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை. குழிக்குள் இறங்கி, பாக்கெட் கிடந்த இடத்தை அளந்தார். மேலும் கீழும் மண்ணைத் தொட்டுப் பார்த்தார். பாக்கெட் மேலிருந்து உள்ளே இறங்க எலி வளை இருக்கிறதா, வேர் போன தடம் இருக்கிறதா என்று தேடினார். இல்லை. இருக்காது. நான் இறுக்கிய மண்ணில் எலி எப்படி வளை போடும்?

கமிஷனர் பேனாவைத் திறந்தார். "அப்ப இந்த மண் சமீபத்துல போட்டதுன்னு எழுதிக்கலாமா?"

"போட்டதுதான்," என்றார் மேடம். நோட்டில் அவரே எழுதினார். முந்தின நாள் பழைய கரை என்று எழுதியிருந்த வரிமேல் ஒரு கோடு போட்டதைப் பார்த்தேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான் மேடம் போட்டது," என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். சொன்னேன். வெள்ளம், வாய் திறந்த கரை, பைக், குவியல் மண், திம்மிசு. மற்ற கரை எல்லாம் பழசு, இது மட்டும் என் கைவேலை என்றேன்.

"சூப்பர். மேடமைக் காப்பாத்த ஒரு வாட்ச்மேன்," என்றார் இன்ஜினியர். "ஒரு ஆளு தனியா இதை ரொப்பினாரா? கூட யாரு?"

இந்த இடத்தில் ஒரு பொய் சொன்னேன். கூட என் மனைவி சரோஜா இருந்தாள். மூன்று நாளும் மண் சுமந்தவள் அவள். ஆனால் அவள் ஊழியர் இல்லை, வெளியாள். பாதுகாக்கப்பட்ட இடத்துக்குள் வெளியாள் மண்வெட்டி எடுத்தால் போலீஸ் கேஸ். என்னோடு போகட்டும் என்று, "ஒண்டி ஆளாத்தான் பண்ணேன்," என்றேன்.

"எவ்ளோ அகலம்?"

ஒண்டி ஆள் மூன்று நாளில் அடைக்கக்கூடிய அளவைத்தானே சொல்ல முடியும்? குறைத்துச் சொன்னேன். "இந்தக் குழிக்குக் கிழக்கால மூணு அடி வெட்டுங்க. நான் வெட்டின படி தெரியும். அதுக்கு அப்பால பழைய கரை."

கமிஷனர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணிக்கு நான் கிளம்பிடுவேன். அதுக்குள்ள காட்டணும்."

மணி கிழக்கே வெட்டினான். ஓரடி. இரண்டடி. மூன்றடி. அதே பழுப்பு மண், அதே சில்லு. படி இல்லை. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூன்றரை. ரயில் ஒன்று மேலே போனது. நாலடி. இல்லை.

"கரை பூரா இதே மண்தான் சார். எழுதிக்குங்க," என்றார் இன்ஜினியர்.

மேடம் என் பக்கத்தில் வந்து நின்றார். "எத்திராஜ், எத்தனை அடி?"

கையில் பென்சில் இருந்தது. அவர் காத்திருந்தார்.

"ஒண்டியா பண்ணலை மேடம். என் சம்சாரமும் இருந்தா. அளவு சரியாச் சொல்லலை."

கமிஷனர் எழுந்து வந்தார். பொய் சொல்கிறவனைத் தினமும் பார்க்கிற ஆள் அவர். "உங்க சம்சாரம் நம்பரைப் போட்டு போனை என்கிட்ட குடுங்க. நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது," என்றார். ஸ்பீக்கரைப் போட்டார்.

பெரும்பாக்கத்தில் எங்கள் வீட்டில் சரோஜா போனை எடுத்தாள்.

"அம்மா, நான் கோர்ட்லேருந்து வந்திருக்கிற வக்கீல். நத்தமேட்டுக் கரையில மண் போட்டது யாரு?"

"எதுக்கு சார் கேக்குறீங்க?" என்றாள். தெரியாது என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

"அவர் தனியாப் போட்டதாச் சொல்றாரே," என்றார் கமிஷனர்.

"ஒண்டியாவா? சொல்வாரு. சொல்லாம இன்னா. கூடை கூடையா மண்ணு சொமந்தது யாரு, அவங்க ஆத்தாவா? எனுக்கு இடுப்பு இன்னிக்கும் சரியில்ல சார்."

மணி வாயைப் பொத்திக்கொண்டான். கமிஷனர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "எவ்வளவு பெரிய இடம்மா அது?"

"லாரி பூந்துடும் சார். ரெண்டு பக்கமும் படி வெட்டுனாரு. அந்தக் கெயக்கு சைடு நடுப்படியில நான் சறுக்கி வியுந்து, படி முனை பேந்துபோச்சு. அதுக்கும் என்னைத்தான் திட்டுனாரு. ஏன் சார், அவருக்கு எதுனா ஆயிடுச்சா?"

"ஒண்ணும் ஆகலை," என்று சொல்லிப் போனைக் கொடுத்தார் கமிஷனர். அப்போது நேரம் நாலரை. "வெட்டுங்க."

மணி வெட்டினான். நாலரை அடி. ஐந்து. ஐந்தரைக்குக் கொஞ்சம் முன்னால் மண்வெட்டிச் சத்தம் மாறியது. எனக்குத் தெரிந்த சத்தம். என் மண் தம் தம் என்று பேசும். இது டங்கென்றது.

"மணி, நிறுத்து," என்றார் மேடம். சின்னக் கரணையை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு இறங்கினார். பழுப்பு மண்ணை விரல் விரலாக உரித்தார். முதல் படி வந்தது, நேர் கோடாக. இரண்டாவது படி வந்தது. அதன் முனை ஒரு கை அகலத்துக்குப் பெயர்ந்திருந்தது. பெயர்ந்த இடத்துக்குள் என் பழுப்பு மண் அடைத்திருந்தது. மூன்றாவது படியில் என் மண்வெட்டி வாயின் தடம் அப்படியே இருந்தது. படிக்கு அப்பால் மஞ்சள் களிமண் ஒரு பட்டை, கறுப்பு ஒரு பட்டை, மறுபடி மஞ்சள். கல் மாதிரி இறுகியிருந்தது. நானே சொல்கிறேன், அந்தக் காலத்தில் அதை இறுக்கியவன் என்னைவிட ஒரு பிடி மேல்.

கமிஷனர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கி, பெயர்ந்த முனையில் விரலை வைத்துப் பார்த்தார். மேலே ஏறி, ஐந்து மணிக்குப் பிறகும் அரை மணி நேரம் எழுதினார். கறுப்புப் பட்டையில் கரித்துண்டு கிடைத்தது, மேடம் அதைப் பரிசோதனைக்கு அனுப்பினார். பின்னால் அது சோழர் காலத்தது என்றே பதில் வந்தது. கரை நிற்கிறது. ரோடு வேறு பக்கமாகப் போனது.

எனக்கு என்ன ஆனது என்று புதுப்பையன்கள் கேட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலமே மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"உங்க மேல முதல் மெமோ நான்தான் எழுதியாகணும் எத்திராஜ். வேற யாரும் எழுதறதுக்கு முன்னாடி."

"எழுதுங்க மேடம்."

"சரோஜா பேரையும் எழுதணும். வெள்ளத்துல வேற வழியில்லாம உதவினாள்னு எழுதறேன். அது நிஜம்தானே?"

"நிஜம் மேடம்."

விசாரணை ஐந்து மாதம் நடந்தது. அந்த ஐந்து மாதமும் நான் தூங்கினேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு இன்கிரிமென்ட்டை வெட்டினார்கள், கண்டனம் என்று பதிவேட்டில் எழுதினார்கள். வேலை தப்பியது. சரோஜா மேல் கேஸ் போடவில்லை. அவள் மட்டும் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, ஒண்டி ஆள் என்று சொன்னதற்கு.

குழியை மூட உத்தரவு வந்த நாள் மேடம் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைக் கொண்டுவந்து குழியின் அடியிலும் படிகளின் மேலும் பரப்பச் சொன்னார். அந்த வருஷத்து ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை அதன்மேல் வைத்தார். எத்தனை வருஷம் கழித்து யார் தோண்டினாலும், இது நாம் மூடியது என்று தெரிய வேண்டுமாம்.

"நீங்களே மூடுங்கோ எத்திராஜ்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. திம்மிசைத் தூக்கினேன்.

"ஆனா உங்க மாதிரி இறுக்காதீங்கோ. கொஞ்சம் தளர்வா விடுங்கோ. பார்த்தா தெரியணும்."

நாற்பது வருஷத் தொழிலில் என்னை யாரும் மோசமாக வேலை செய் என்று சொன்னதில்லை. கை கேட்கவில்லை. திம்மிசு தானாக ஓங்கியது, நான் பிடித்து நிறுத்தினேன். நாலு குத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு குத்து. மேடம் பென்சிலோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூடி முடித்ததும், "சரியா இருக்கு," என்றார். சரியாக இல்லை. எனக்குத் தெரியும்.

இப்போது போனாலும் வடக்குக் கரையில் அந்த இடம் மட்டும் நாலு விரல் தாழ்ந்திருக்கும். மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும். யாரோ வேலை தெரியாதவன் மூடியிருக்கிறான் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அதை மூடியவன் எத்திராஜ், மேடம் சொன்னதால் அப்படி மூடினான் என்பதை இந்த மலரைப் படிக்கிறவர்களாவது தெரிந்துகொள்ளட்டும்.